டாக்ஸிப் பயணம்: மறக்க முடியாத நல்லதும் நொந்துபோன கெட்டதும்

கோடம்பாக்கத்தான்

பஸ், ரயில் பற்றியெல்லாம் இந்த ஃபோரத்தில் பக்கம் பக்கமாகப் பேசித் தீர்த்தாச்சு. டாக்ஸிக்கு ஒரு விவாத இழையே இல்லை. ஆப் வண்டி, கால் டாக்ஸி, ஸ்டாண்டு வண்டி, டிராவல்ஸ் வண்டி எதுவானாலும் சரி, உங்களுக்கு நடந்ததை எழுதுங்க. "டிரைவர் மோசம்" என்று ஒரு வரி போட்டுவிட்டு ஓடாதீங்க. எந்த ரூட், என்ன கேட்டார், நீங்க என்ன சொன்னீங்க என்பது வரைக்கும் வரட்டும். கம்பெனி பேர், ஆள் பேர், வண்டி நம்பர் மட்டும் வேண்டாம்.

முதல் புகார் என்னுடையது. ஆப்பில் வண்டி போட்டதும் போன் வரும். "டிராப் எங்க சார்? கேஷா, ஆன்லைனா?" சொன்னதும் லைன் கட். மேப்பில் அந்த வண்டி நின்ற இடத்தை விட்டு நகராது. அவரும் கேன்சல் பண்ண மாட்டார். நாம பண்ணினால் அபராதம் நம்ம தலையில். போன மாசம் வடபழனியிலிருந்து எழும்பூர் போகணும், கொல்லம் ரயிலுக்கு. ஒருத்தர் ஆன்லைன் என்றதும் வைத்துவிட்டார். அடுத்தவர் "மேல அம்பது ரூபா போட்டுக் குடுங்க, வரேன்" என்றார். சரி என்றேன், அவரும் வரவில்லை. கடைசியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மெட்ரோவுக்கு ஓடினேன். வடபழனியில் ஏறினால் எழும்பூரிலேயே இறக்கிவிடுகிறான், மாற வேண்டியதுகூட இல்லை. இதை முதலிலேயே செய்திருக்கலாம் என்று வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டது தனி.

டீக்கடை பெஞ்ச்

டிராப் எங்கன்னு கேட்டா நான் பக்கத்துல இருக்கிற நல்ல ஏரியா பேரா பாத்துச் சொல்லிடுவேன் தல. ஏறி உக்காந்து ஓடிபி குடுத்தாதான் அவருக்கு உண்மை தெரியும். அதுக்குள்ள வண்டி வந்தாச்சே.

கோடம்பாக்கத்தான்

ஏறினப்புறம் இறங்குன்னு சொன்னா?

டீக்கடை பெஞ்ச்

சொல்லிருக்காங்க. மழையில. இறங்க மாட்டேன்னு உக்காந்துட்டேன். அவரும் ஏ.சி.ய நிறுத்திட்டு உக்காந்துட்டார். கண்ணாடியெல்லாம் ஆவி புடிச்சு, ரெண்டு பேரும் பேசாம கொஞ்ச நேரம். அப்புறம் அவரே சிரிச்சுட்டு கெளப்பிட்டார்.

மஞ்சபோர்டு

எல்லாருக்கும் வணக்கம். நான் டிரைவர். டி-போர்டு, அதாவது வாடகைக்கு ஓட்டுற செடான், சொந்த வண்டி, ஆனா இன்னும் டியூ ஓடுது. ஆப்புலயும் ஓட்டுறேன், வெளி டிரிப்பும் போறேன். இந்த இழையில எங்க தரப்புக்கு ஒரு ஆள் வேணும்ல.

டிராப் எங்கன்னு ஏன் கேக்குறோம்? ராத்திரி 9 மணிக்கு அண்ணா நகர்ல ஒரு சவாரி விழுது. நாலு கிலோமீட்டர் தள்ளி பிக்கப். அந்த நாலுக்குக் காசு கிடையாது. ஏத்தினப்புறம் பாத்தா கோவளம். கோவளத்துல அந்த நேரத்துக்குத் திரும்ப சவாரி எங்க இருக்கு? காலி வண்டியா வரணும். போறதுக்கு நீங்க காசு தர்றீங்க, வர்றதுக்கு என் டேங்க்ல இருந்து எரியுது. அதான் கேள்வி.

கேஷ் ஏன் கேக்குறோம்? ஆன்லைன் காசு எங்க கைக்கு நேரா வராது. கம்பெனி கணக்குக்குப் போய், அவங்க பங்கு போக, அப்புறம் வரும். பங்க்ல கேஸ் போடுறவன் அதுவரைக்கும் பொறுப்பானா? காலையில சி.என்.ஜி. லைன்ல நிக்கும்போதே பாக்கெட்ல கேஷ் இருக்கணும். டியூ, இன்சூரன்ஸ், எஃப்.சி.ங்கிற வண்டித் தகுதிச் சான்று எல்லாம் தேதி வெச்சுதான் வரும், சவாரி அப்படி வராது.

ஆனா ஒண்ணு. கோடம்பாக்கம் சார் சொன்ன மாதிரி லைன்லயே விட்டுட்டு உங்களையே கேன்சல் பண்ண வைக்கிறது கேவலம். வர முடியலன்னா முடியலன்னு சொல்லிட்டு நாமளே கேன்சல் பண்ணணும். அதுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

எங்க பக்கத்துக் கெட்ட அனுபவம் கேட்டா, வாந்தி. சனிக்கிழமை ராத்திரி நல்லா குடிச்சுட்டு ஏறுறவங்க. சீட்டு இடுக்குல, பெல்ட் பக்கிள் உள்ள, ஏ.சி. வென்ட்ல எல்லாம் போயிடும். வாட்டர் வாஷ்ல குடுத்து, சீட்டக் கழட்டிக் காய வெச்சு, வாடை போக மறுநாள் சாயங்காலம் ஆயிடும். அடுத்து ஏறுறவங்க மூக்கப் பொத்திக்கிட்டு ஒரு ஸ்டார் குடுப்பாங்க. நான் இப்போ டேஷ்போர்டுல கவர் வெச்சிருக்கேன். ஏறும்போதே கையில குடுத்துடுவேன்.

கணக்கர்

மஞ்சபோர்டு சொன்ன பங்கு விஷயத்தில் விதி ஒன்று இருக்கிறது. மத்திய அரசு 2020 நவம்பரில் ஆப் வண்டிகளுக்கான வழிகாட்டுதல் வெளியிட்டது. வண்டி டிரைவருடையதாக இருந்தால் கட்டணத்தில் 80 சதவீதமாவது அவருக்குப் போக வேண்டும். நெரிசல் நேரத்தில் அடிப்படைக் கட்டணத்தைப் போல ஒன்றரை மடங்கு வரை வாங்கலாம் என்றது. 2025 ஜூலையில் வந்த புது வழிகாட்டுதல் அதை இரண்டு மடங்கு ஆக்கிவிட்டது. தக்க காரணம் இல்லாமல் கேன்சல் செய்தால் கட்டணத்தில் 10 சதவீதம், அதிகபட்சம் 100 ரூபாய் அபராதம். டிரைவருக்கும் அதேதான், பயணிக்கும் அதேதான். ஆனால் இதெல்லாம் மாநில அரசு எடுத்து நடைமுறைப்படுத்தினால்தான் உயிர் பெறும்.

ஆட்டோ கதை நினைவிருக்கும். சென்னையில் 2013 ஆகஸ்டில் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 12 என்று அரசு விலை போட்டது. அதன் பிறகு டீசல், கேஸ் எல்லாம் எங்கேயோ போய்விட்டது, அந்த விலைப்பட்டியல் மட்டும் வருடக்கணக்கில் அப்படியே கிடந்தது. மீட்டர் போடாததற்கு டிரைவர்களுக்கு ஒரு நியாயம் கிடைத்துவிட்டது. விலையைக் காலத்துக்கு ஏற்ற மாதிரி மாற்றாத அரசைத்தான் நான் முதலில் குறை சொல்வேன்.

நெல்லை செல்வி

கேன்சல், கேஷ் எல்லாம் சின்ன விஷயம். எனக்கு நடந்ததக் கேளுங்க.

ஊர்ல பெரிய மாமனார் தவறிட்டாவ. சாயங்காலம்தான் செய்தி வந்துது. காலையில 11 மணிக்கு எடுத்துருவோம்னு சொல்லிட்டாவ. ரயில்ல இடம் இல்ல. ஒரு டிராவல்ஸ்ல கார் பேசி ராத்திரி சென்னையில இருந்து கெளம்புனோம், நானும் வீட்டுக்காரரும். டிரைவர் சின்ன வயசு. தாம்பரம் தாண்டுற வரைக்கும் நல்லாத்தான் பேசிக்கிட்டு வந்தாரு.

விழுப்புரம் தாண்டினப்புறம் பேச்சு குறைஞ்சுது. வீட்டுக்காரரு பக்கத்துல நல்லாத் தூங்குதாரு. எனக்கு வண்டியில தூக்கம் வராது, அன்னைக்கு அதுவே நல்லதாப் போச்சு. உளுந்தூர்பேட்டை டோல் தாண்டி கொஞ்ச நேரத்துல பாத்தேன், வண்டி வேகம் தானா இறங்குது, திடீர்னு மிதிச்சு ஏத்துதாரு. மறுபடி இறங்குது. ஏ.சி. ஓடிக்கிட்டிருக்க, அவரு பக்கத்துக் கண்ணாடிய மட்டும் இறக்கி விட்டாரு. பிடரியத் தேய்க்காரு. நான் என்ன கேட்டாலும் "ம்". அப்புறம் ரோட்டு ஓரத்து வெள்ளைக் கோட்டு மேல டயர் ஏறி டர்ர்ருன்னு ஒரு சத்தம். வண்டிய வெடுக்குன்னு உள்ள இழுத்தாரு. முன்னால ஒரு லாரி, பின்னாடி லைட்டே இல்லாம ஓரமா நிக்கி.

"தம்பி, டீ குடிப்போமா?"ன்னேன். "பரவால்லக்கா, திருச்சியில குடிக்கலாம்"ங்காரு. திருச்சி எங்க இருக்கு! பாத்ரூம் போகணும்னு பொய் சொல்லி பெரம்பலூருக்கு முன்னால ஒரு பெட்ரோல் பங்க்ல நிப்பாட்டச் சொன்னேன். இறங்கி அவரு கண்ணப் பாத்தா மிளகாய்ப் பழம். "எப்போ தம்பி கடைசியாத் தூங்குன?"னு கேட்டேன். தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. அன்னைக்குக் காலையிலதான் திருப்பதி டிரிப் முடிச்சு வந்திருக்காரு. ஓனரு உடனே இத ஏத்தி விட்டுட்டாரு.

"சாவிய எங்கிட்ட குடு, பின் சீட்டுல படு"ன்னு சொல்லிட்டேன். வீட்டுக்காரரு எந்திரிச்சு, லேட்டாயிரும்னு முணுமுணுத்தாரு. நம்ம ரெண்டு பேரையும் சேத்து எடுக்கணுமான்னு கேட்டேன், அப்புறம் பேசல. ஒரு மணி நேரம் அசையாமத் தூங்குனாரு அந்தப் பையன். நாங்க ரெண்டு பேரும் பங்க் வாசல்ல கொசுக்கடியில நின்னோம். எழுந்து மூஞ்சி கழுவி, டீயக் குடிச்சுட்டு ஒழுங்கா ஓட்டுனாரு. எடுக்கிறதுக்கு முன்னாடியே போய்ச் சேந்துட்டோம்.

இதுல உச்சகட்டம் என்னன்னா, பில்லுல அந்த ஒரு மணி நேரத்துக்கு ஓனரு வெயிட்டிங் சார்ஜ் போட்டிருந்தாரு.

டீக்கடை பெஞ்ச்

வெயிட்டிங் சார்ஜா!! கட்டுனீங்களா?

நெல்லை செல்வி

கட்டலன்னா அந்தப் பையன் சம்பளத்துலதான் கை வைப்பாரு. வீட்டுக்காரரு போன்ல நல்லாக் கேட்டு விட்டுட்டுக் கட்டுனாரு.

மஞ்சபோர்டு

அக்கா, நீங்க செஞ்சது நூத்துக்கு நூறு சரி. இது நிறைய நடக்குது, வெளிய வர்றதில்ல. சம்பள வண்டி ஓட்டுற பசங்களுக்கு டிரிப் போனாத்தான் பேட்டா. முடியாதுன்னா அடுத்த டிரிப் வேற ஆளுக்குப் போயிடும்.

ராத்திரி டிரிப் புக் பண்றவங்க மூணு கேள்வி கேளுங்க. வண்டி இன்னைக்கு எங்க இருந்து வந்துச்சு? டிரைவர் பகல்ல தூங்குனாரா? ரொம்ப தூரம்னா ரெண்டாவது டிரைவர் உண்டா? ரெண்டாவது ஆளுக்குத் தனி பேட்டா ஆகும், ஆகட்டும். விடியக்காலம் மூணுல இருந்து அஞ்சு வரைக்கும் எந்தக் கொம்பனுக்கும் கண்ணு சொருகும். நான் அந்த நேரத்துல எங்கயாவது பங்க்ல ஓரங்கட்டிடுவேன், கஸ்டமர் திட்டுனாலும் சரி. முன் சீட்டுல உக்காந்து நீங்களும் தூங்காதீங்க. பக்கத்துல ஒருத்தர் குறட்டை விட்டா எங்களுக்கும் ஒட்டிக்கும்.

கணக்கர்

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961லேயே வந்தது. 2025 நவம்பரில் புதுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு வரும் வரை அதுதான் இருந்தது. நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனத்துக்குத்தான் அது பொருந்தியது. நாலு ஆள் வைத்து ஓட்டிய டிராவல்ஸ்காரரை அது தொடவே இல்லை.

பொள்ளாச்சி பாலா

நல்லதும் ஒண்ணு எழுதிப்போடறேனுங்க, இல்லாட்டி எல்லாரும் கார்ல ஏறவே பயந்துக்குவாங்க.

சென்னையில இருந்து சித்தப்பா குடும்பம் வந்திருந்துது. வால்பாறை பாக்கோணும்னு ஒரே புடி. நம்மூரு ஸ்டாண்டுல ஒரு பெரியவரு, அம்பாசிடர் காலத்துல இருந்து ஓட்டறவரு, இப்ப சுமோ வெச்சிருக்காரு. அவரத்தான் கூப்புட்டேன். ஆழியாறு செக்போஸ்ட் தாண்டுனா 40 கொண்டை ஊசி வளைவு. ஏர்றப்ப ஒம்பதாவது வளைவுல நிப்பாட்டி வரையாடு காட்டுனாரு. புள்ளைங்க பாறை மேல நிக்கிற ஆட்டப் பாத்துட்டுக் கீழ இருக்கிற அணையவே மறந்துட்டாங்க.

திரும்பி வாரப்ப இருட்டிப் போச்சுங்க. கவர்க்கல்ல மூடுபனி. அதத் தாண்டி அட்டகட்டி பக்கம் இறங்கிட்டிருக்கறப்ப, வளைவு திரும்புனா ரோட்டு மேல யானை. மூணு பெருசு, ஒரு குட்டி. பெரியவரு ஹாரன் அடிக்கல, பிரேக்கக் கூட சத்தமில்லாமதான் அமுக்குனாரு. ஹெட்லைட்ட அணைச்சாரு. பின்னால பாத்துட்டே மேல இருக்கற வளைவு வரைக்கும் மெதுவா ரிவர்ஸ்ல வந்துட்டாரு. கொண்டை ஊசியில ரிவர்ஸ், அதும் இருட்டுல! சித்தப்பா சீட்டப் புடிச்சுட்டு முருகா முருகாங்கறாரு.

அந்நேரம் பாத்துப் பின்னால ஒரு கார் வந்துது. வெளியூர்ப் பசங்க. ஹைபீம் போட்டு ஹாரன் மேல ஹாரன். பெரியவரு இறங்கி நடந்து போனாரு. ஜன்னல்ல கைய உட்டு அவங்க வண்டிச் சாவிய உருவிச் சட்டைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டாரு. ஒரு வார்த்தை பேசல. பசங்க வாயடைச்சுப் போயிட்டாங்க. யானை ரோட்ட உட்டு இறங்கற வரைக்கும் அங்கயே கைகட்டி நின்னாரு. அப்பறம் சாவியக் குடுத்துட்டு, "ரெண்டாவது கியர்ல இறக்குங்க கண்ணு, நியூட்ரல்ல உட்றாதீங்க"ன்னாரு. அம்புட்டுதான்.

அதென்னவோ கீழ இருந்து வர்றவங்களுக்கு இறக்கத்துல வண்டிய நியூட்ரல்ல உட்டாப் பெட்ரோல் மிச்சம்னு ஒரு நெனப்பு. பிரேக் சூடேறிப் புடிக்காமப் போயிரும். ஆழியாறுல வந்து பாருங்க, சக்கரத்துல புகை வந்து நிக்கிற வண்டிகள.

வடமராட்சி

வணக்கம். நான் இப்ப லண்டனில. இஞ்ச கறுப்பு டாக்ஸி ஓட்டுறதெண்டால் 'நொலெட்ஜ்' எண்ட சோதினை பாஸ் பண்ணவேணும். 1865இல தொடங்கினது. சேரிங் குறொஸ்ஸைச் சுத்தி 6 மைலுக்குள்ள இருக்கிற 25,000 தெரு மனப்பாடம். படிச்சு முடிக்க வருசக்கணக்கில போகும். பெடியள் மொப்பெட்டில மட்டையைக் குத்திக்கொண்டு தெருத்தெருவாத் திரியிறதை நான் கண்டிருக்கிறன். இப்ப எல்லாரிட்டையும் போன் மப் கிடக்கு, ஆனால் தெரு மூடியிருந்தால் மாத்து வழி அந்தாக்களின்ர மண்டையிலதான் கிடக்கு.

நான் எழுத வந்தது அதில்லை. தொண்ணூறுகளில யாழ்ப்பாணத்தில பெற்றோல் தடை. அப்ப அங்க ஓடின வாடகைக் கார் எல்லாம் ஒஸ்ரின் ஏ-40, கேம்பிரிட்ஜ், மொரிஸ் மைனர். எங்கட அப்பாமார் காலத்துக் கார்கள். அதுகள் மண்ணெண்ணெயில ஓடினது. சின்னப் போத்தலில கொஞ்சம் பெற்றோல் வைச்சிருப்பினம். பொனற்றைத் திறந்து காபரேட்டருக்குள்ள ரெண்டு சொட்டு விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடாகினாப் பிறகு மண்ணெண்ணெயிக்கு மாத்திறது. பின்னால வெள்ளைப் புகை. ஏறி இறங்கினால் உடுப்பெல்லாம் குப்பி விளக்கு மணம்.

ஒருநாள் ராத்திரி அம்மாவுக்கு நெஞ்சுக்குள்ள நோ. நெல்லியடியில இருந்து யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போகவேணும். முன் வீட்டு ஐயா ஒராள் ஏ-40 வைச்சிருந்தவர். அவரை எழுப்பினம். மனுசன் சாரத்தோடயே வந்திட்டார். போத்தலில கிடந்த பெற்றோல் ஒரு தரம் ஸ்ராட் பண்ணத்தான் காணும். "வழியில நிண்டால் திரும்ப எடுக்கேலாது தம்பி, ஆனபடியால் எங்கயும் நிப்பாட்டன்" எண்டார். லைற்றைக் கறுப்புச் சீலையால மறைச்சு ஒரு கீறு வெளிச்சம். ரோட்டில இருக்கிற பள்ளம் கிடங்கு முழுக்க அவருக்குப் பாடம். ஆஸ்பத்திரி வாசலிலையும் எஞ்சினை நிப்பாட்டேல்லை, நாங்கள் அம்மாவைத் தூக்கி இறக்க அவர் அக்சிலேற்றரை மிதிச்சபடி இருந்தவர்.

அம்மா தப்பீட்டா. காசு குடுக்கப் போக, "காசை விடு, எங்கயாவது பெற்றோல் கிடைச்சால் ஒரு போத்தல் கொண்டு வந்து தா" எண்டார். அந்த ஒரு போத்தல் தேடி நான் பட்ட பாடு வேற கதை.

கோடம்பாக்கத்தான்

வடமராட்சி ஐயா, அந்த வேறு கதையையும் எழுதணும். தனி இழையாவே போடுங்க.

மாட்டுங்கா மாமி

பம்பாயோட கறுப்பு-மஞ்சள் டாக்ஸி, அதான் காலி-பீலி, அதை யாரும் சொல்லலையே! நாங்க மாட்டுங்காவுக்கு வந்தப்போ எல்லாம் ஃபியட் பத்மினிதான். மீட்டர் வண்டிக்கு வெளியில, முன்பக்கம் இடது ஓரமா இருக்கும். டிரைவர் இடது பக்க ஜன்னல் வழியா கையை நீட்டி, மீட்டர்க் கொடியைத் திருப்பி விடுவான். மீட்டர்ல காட்டறது நிஜ ரூபா இல்லே. பழைய கணக்கு. ஒரு கார்டு வெச்சிருப்பான், அதுல பாத்து மீட்டர்ல இவ்வளவுன்னா இப்போ இவ்வளவுன்னு சொல்லணும். புதுசா வந்தவாளுக்குப் போலிக் கார்டு காட்டி ஏமாத்தறதும் உண்டு, அதனால நான் என் பையிலயே ஒரு கார்டு வெச்சுப்பேன்.

தாதர் ஸ்டேஷன்ல இறங்கி மாட்டுங்கான்னு கேட்டா ஒருத்தன் வரமாட்டான். கிட்டக்க இருக்காம், கட்டுப்படியாகாதாம். காய்கறிப் பையோட வெயில்ல நிக்கணும். ஆனா ஏத்திண்டுட்டா மீட்டர் மீட்டர்தான். பாக்கி ஒரு ரூபாயைக்கூடத் தேடி எடுத்துக் கொடுத்துட்டுத்தான் போவான். மெட்ராஸ்ல சில்லறை இல்லேம்பா, அந்த வழக்கம் இங்கே கிடையாது.

கடைசி பத்மினி டாக்ஸி 2003 அக்டோபர்ல தாட்தேவ் ஆர்.டி.ஓ.ல பதிவாச்சு. இங்கே டாக்ஸிக்கு 20 வருஷம்தான் ஆயுசு. 2023 அக்டோபர் 30லேர்ந்து ரோட்டுல கிடையாது. பேப்பர்ல எல்லாரும் உருகி உருகி எழுதினா. எனக்கு அவ்வளவு உருக்கம் வரலை. அந்தப் பின் சீட்டு ஸ்பிரிங் என் முதுகை என்ன பாடு படுத்தித்துன்னு எனக்கன்னா தெரியும்!

ஜூரோங் ரவி

சிங்கப்பூரில் ஒரு டாக்ஸி அங்கிள், சீனர், எழுபதை நெருங்கியவர். நள்ளிரவு நெருங்கும்போது ஏறினேன். 12 மணியிலிருந்து காலை 6 வரை மீட்டருக்கு மேல் 50 சதவீதம். ஏறும்போது மணி 12 ஆகச் சில நிமிடம் இருந்தது. "அவசரமா ஏறு, இப்பவே மீட்டர் போட்டுடுறேன், மிச்சம் புடிக்கலாம்" என்று அவரே விரட்டினார். இறங்கும்போது லேப்டாப் பையை விட்டுவிட்டேன். கம்பெனிக்குப் போன் பண்ணினதும் ஆளைப் பிடித்துக் கொடுத்தார்கள். மறுநாள் வந்து கொடுத்துவிட்டு, வந்த தூரத்துக்கான மீட்டர் காசை மட்டும் வாங்கினார். மேலே நீட்டியதைத் தொடவில்லை.

டீக்கடை பெஞ்ச்

சிங்கப்பூர், லண்டன்னு படிச்சா வயிறு எரியுது. நம்மூர்ல பைய விட்டா பையும் போச்சு, டிரைவர் போனும் சுவிட்ச் ஆஃப்.

மஞ்சபோர்டு

அண்ணே, அது உங்க அனுபவமா, இல்ல பொதுவா அடிச்சு விடுறீங்களா? என் வண்டியில தாலிச் சங்கிலி இருந்த பர்ஸ விட்டுட்டு இறங்குனாங்க ஒரு அம்மா. பெரம்பூர்ல இருந்து திரும்பப் போய்க் குடுத்தேன். கம்பெனிக்காரன்கிட்ட இருந்து ஒரு தேங்க்ஸ் மெசேஜ் வந்துச்சு, தமிழ்லகூட இல்ல.

டீக்கடை பெஞ்ச்

பொதுவாத்தான். வாபஸ்.

கணக்கர்

வெளியூர் வாடகை பேசுகிறவர்களுக்கு இரண்டு விஷயம். பெரும்பாலான டிராவல்ஸில் ஒரு நாளைக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர் கணக்கு, ஷெட் டு ஷெட். அதாவது வண்டி அவர்கள் இடத்தை விட்டுக் கிளம்பியதிலிருந்து திரும்பப் போய்ச் சேரும் வரை. டோல், பார்க்கிங், பெர்மிட், டிரைவர் பேட்டா தனி. மலை என்றால் அதற்கும் தனி. ஏறும்போது கிலோமீட்டர் காட்டும் மீட்டரை போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், இறங்கும்போது ஒன்று. டிரைவரையும் வைத்துக்கொண்டே எடுங்கள், அவருக்கும் ஓனரிடம் சாட்சி.

இன்னொன்று, மலிவு என்று ஓன் போர்டு வண்டியை வாடகைக்கு எடுக்காதீர்கள். வெள்ளை நம்பர் பிளேட் வண்டியில் காசு கொடுத்துப் போய் விபத்தானால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடும். என் மைத்துனர் கல்யாணத்துக்குப் பேசிய வண்டியை ஓசூர் பக்கம் ஆர்.டி.ஓ. பிடித்து ஓரங்கட்டினார். மாப்பிள்ளையின் பெரியம்மா பட்டுப்புடவையோடு ஹைவேயில் நின்று டவுன் பஸ்ஸுக்குக் கை காட்டிய காட்சி வீடியோவாக இன்றும் குடும்ப வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. மஞ்சள் பிளேட்டில் கறுப்பு எழுத்து, அல்லது மின்சார வண்டியானால் பச்சையில் மஞ்சள் எழுத்து, அதைப் பார்த்து ஏறுங்கள்.

சைதை ராணி

2015 டிசம்பர் 1, சென்னை பெருவெள்ளம். தாம்பரத்துல ஆஸ்பத்திரியில இருந்து மாமியாரையும் குழந்தையையும் கூட்டிக்கிட்டு கால் டாக்ஸியில கே.கே. நகர் வரேன். ஜி.எஸ்.டி. ரோட்டுல தண்ணி ஏறிக்கிட்டே வருது. டிரைவர் ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுக்காம செகண்ட் கியர்லயே உருட்டிட்டு வந்தார். பஸ் ஒண்ணு தாண்டிப் போச்சு, அந்த அலையில கார்க் கதவுக்குக் கீழ இருந்து தண்ணி உள்ள வந்து மிதியடி மிதக்குது. "இதுக்கு மேல தள்ளினா எஞ்சின் போயிடும்மா"ன்னு கத்திப்பாரா பாலத்து மேல ஏத்தி ஓரமா நிறுத்திட்டார். ஏற்கெனவே அங்க வண்டிங்க வரிசையா நின்னுச்சு.

ராத்திரி முழுக்க அங்கதான். போன் டவர் இல்ல. வேற வண்டிக்காரங்ககிட்ட கேட்டுக் கேட்டு பிஸ்கட், தண்ணி வாங்கிட்டு வந்தார். எங்களுக்கு வண்டிய விட்டுட்டு அவர் பக்கத்து வேன்ல போய் உக்காந்துக்கிட்டார். விடிஞ்சதும் குழந்தையத் தோள்ல தூக்கிக்கிட்டு அசோக் நகர் வரைக்கும் எங்ககூட நடந்தார். பாலம் வரைக்கும் மீட்டர்ல எவ்ளோ ஆச்சோ அதத்தான் வாங்கினார். அவரோட வீடு முடிச்சூர்ல. அங்க என்ன ஆச்சுன்னு அவருக்கும் அப்போ தெரியாது.

இப்போ மழை எச்சரிக்கை வந்தாலே ஜனங்க பாலத்துல காரக் கொண்டு போய் விட்டுடறாங்க. 2024 அக்டோபர்ல வேளச்சேரி மேம்பாலத்துல நின்ன வரிசையப் பாத்தீங்கல்ல?

மஞ்சபோர்டு

முடிச்சூர்னா அந்த வருஷம் மொத்தமா முங்கிடுச்சும்மா. எங்க ஸ்டாண்டுலயும் ரெண்டு பேரு வண்டி போச்சு. எஞ்சினுக்குள்ள தண்ணி போனப்புறம் சாவி போட்டு ஸ்டார்ட் பண்ணிப் பாத்தா இன்சூரன்ஸ்ல காசு தரமாட்டான், அது தெரியாம எல்லாரும் ஸ்டார்ட் பண்ணிட்டாங்க. எஞ்சினுக்குன்னு தனி கவர் எடுத்திருந்தாத்தான் உண்டு.

நல்ல கஸ்டமர் பத்தியும் எழுதிடுறேன். வெளியூர் போனா எங்களுக்குத் தூக்கம் பெரும்பாலும் வண்டியிலதான். சீட்டச் சாச்சு, கண்ணாடிய ஒரு விரல் இறக்கி, கொசுவத்தி டேஷ்போர்டுல. லாட்ஜ்ல டிரைவர் ரூம்னு போர்டு இருக்கும், போய்ப் பாத்தா ஜெனரேட்டர் பக்கத்துல ஒரு பாய். கல்யாண டிரிப்னா பந்தியில உக்காரலாமா வேணாமான்னு தெரியாம வாசல்லயே நிப்போம். யாராவது "டிரைவர் தம்பி சாப்டாச்சா"ன்னு கேட்டாத்தான் உள்ள போவோம். கேக்காத வீடுதான் ஜாஸ்தி.

காரைக்குடி பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். ஆச்சி ஒருத்தங்க, மாப்பிள்ளையோட அப்பத்தா, நேரா கார் கிட்ட வந்து கதவத் தட்டி, "பசியோட ஓட்டினா எம் பேரனுக்குத்தானே ஆபத்து, வாப்பா"ன்னு கையப் புடிச்சு முதல் பந்தியிலயே உக்கார வெச்சாங்க. மத்தியானம் ஒரு அறையத் தொறந்து விட்டு ஃபேனைப் போட்டு, "ராத்திரி ஓட்டணும், தூங்கு"ன்னாங்க. அன்னைக்கு விடிய விடிய சென்னைக்கு ஓட்டினேன், கண்ணு கொட்டல. பேட்டா எவ்வளவு குடுத்தாங்கன்னு ஞாபகம் இல்ல. வெள்ளைப் பணியாரம் பொட்டலம் கட்டிக் குடுத்தது மட்டும் ஞாபகம் இருக்கு.

நெல்லை செல்வி

ஆச்சி கணக்கு சரியான கணக்கு. அந்த டிராவல்ஸ் ஓனருக்கு இத யாராவது படிச்சுக் காட்டுங்க.

துபாய் தாஸ்

துபாய்ல பிங்க் கூரை போட்ட டாக்ஸி பெண்களுக்கும் குடும்பத்தோட போறவங்களுக்கும், ஓட்டுறதும் பெண்கள். என் மனைவி ராத்திரி டூட்டி முடிச்சு அதுலதான் வருவா. நம்மூர்லயும் எல்லா ஊர்லயும் வரணும். சரி, வந்த காரியம்: அடுத்த மாசம் லீவுக்கு வரேன். சென்னை ஏர்போர்ட்ல இருந்து தஞ்சாவூர் வரைக்கும் ஒன்வே டிராப் பேசுறேன். திரும்பிப் போற டோலையும் நான்தான் குடுக்கணும்ங்கிறாங்க. நியாயமா?

மஞ்சபோர்டு

ஒன்வேன்னு தனி ரேட் போட்டிருந்தா, திரும்புற செலவையும் சேத்துதான் அந்த கிலோமீட்டர் ரேட்டே ஏத்தி வெச்சிருப்பாங்க. அப்போ போற டோல் மட்டும்தான் உங்களோடது. ரவுண்ட் டிரிப் ரேட் போட்டா ரெண்டும் உங்களோடது. எது பேசுனீங்களோ அத வாட்ஸ்அப்ல எழுதி வாங்கிக்கோங்க. ஆப் வண்டி, ஏர்போர்ட்டுக்குள்ள வாசல்லயே வராது, மல்டிலெவல் பார்க்கிங்லதான் பிக்கப். லக்கேஜ் ஜாஸ்தின்னா முன்னாடியே சொல்லிடுங்க. சி.என்.ஜி. வண்டின்னா டிக்கியில சிலிண்டர் இருக்கும், துபாய் பெட்டி ரெண்டு உள்ள போகாது.